சம்மந்தி கொடுத்த மரவள்ளிக் குச்சி

மரவள்ளிக் குச்சியைச் சொந்தத்துக்குள் விற்கக் கூடாது. கொடுத்தால் வேண்டாம் என்றும் சொல்லக் கூடாது. எங்கள் ஆட்களிடம் இதுதான் வழக்கம். மலை மேல் இருப்பவர்களும் சரி, எங்களைப் போல எப்போதோ இறங்கி வந்து வடக்கனந்தல் பக்கம் அடிவாரத்தில் குடியேறியவர்களும் சரி, இதை மீறுவதில்லை. கிழங்கை விற்கலாம். ஜவ்வரிசி மில்லுக்கு லாரியில் ஏற்றலாம். எடை போடுகிறவனிடம் தொண்டை வற்றச் சண்டை போடலாம். குச்சி அப்படி இல்லை. அது அடுத்த வருசத்து வெள்ளாமை. அதற்கு விலை சொல்கிற வீட்டில் பெண் எடுக்கவே யோசிப்பார்கள்.

இந்த வழக்கத்தை எவன் ஏற்படுத்தினானோ தெரியாது. நல்ல மனசுக்காரனாகத்தான் இருந்திருப்பான். ஆனால் செடிக்கு வரும் நோவைப் பற்றி அவனுக்கு ஒரு மண்ணும் தெரிந்திருக்காது.

மரவள்ளிக்கு நாங்கள் விதை போடுவதில்லை. கிழங்கு பிடுங்கிய பிறகு மேலே இருக்கும் தண்டைத்தான் சாண் அளவு துண்டாக நறுக்கி நடுவோம். நல்ல செடியின் குச்சி நல்ல செடியாக வரும். நோவு பிடித்த செடியின் குச்சி நோவோடுதான் முளைக்கும். நோவு தெரிவது இலையில். ஆனால் நாங்கள் கிழங்கு பிடுங்கும் மாசி மாதத்தில் செடியில் இலை இருக்காது. எல்லாம் உதிர்ந்து மொட்டைக் கம்பாக நிற்கும். அதை வெட்டிக் கட்டாகக் கட்டி மர நிழலில் நிறுத்திவிட்டால் எது நல்லது, எது கெட்டது என்று சாமிக்கே தெரியாது.

என் சம்மந்தியம்மா, அதாவது என் மகளின் மாமியார், கல்வராயன் மலையில் இருக்கிறார். வெள்ளிமலை பஸ்ஸில் போய் இறங்கி, அங்கிருந்து நடக்க வேண்டும். அவர் கொல்லையில் சாமையும் உண்டு, மரவள்ளியும் உண்டு. அவர் ஊரில் யாருக்குக் குச்சி வேண்டுமென்றாலும் அவரிடம்தான் போய் நிற்பார்கள். அவர் கைராசி அப்படி. குச்சி ஒவ்வொன்றும் கட்டைவிரலை விடத் தடியாக, கணு நெருக்கமாக இருக்கும். புதுசாகக் கல்யாணம் ஆகித் தனியாகப் போகிறவர்களுக்கு, புருசன் இல்லாதவளுக்கு, குடித்தே கொல்லையைத் தரிசாகப் போட்டவனின் பெண்டாட்டிக்கு, எல்லாருக்கும் ஒரு கட்டு வைத்திருப்பார். தன் தேவைக்குப் போக மீந்ததைக் கொடுப்பவர்கள் உண்டு. இவர் கொடுத்தது போக மீந்ததை நடுகிறவர். எனக்கு இது முட்டாள்தனமாகத் தெரியும். பல தடவை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே எனக்கும் ஒரு கட்டை எடுத்து வைப்பார்.

என் மகளுக்குப் பிரசவம் ஆனபோது குழந்தையைப் பார்க்க இறங்கி வந்தார். கையில் பழம் இல்லை, பலகாரம் இல்லை. பஸ் கூரை மேலிருந்து அவர் உயரத்துக்கு ஒரு குச்சிக் கட்டு இறங்கியது. அதை ஏற்றும்போதே கண்டக்டரோடு தகராறாம். லக்கேஜுக்கு டிக்கெட் கேட்டிருக்கிறான். இது லக்கேஜ் இல்லை, சீர் என்று சொல்லியிருக்கிறார். அவன் சீருக்கும் டிக்கெட் உண்டு என்றிருக்கிறான். அப்படியானால் நீயும் ஒரு கட்டு எடுத்துக்கோ என்று இவர் சொல்ல, அவன் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டான். இதை வாசலில் நின்று அவரே சொல்லிச் சிரித்தார். குழந்தையை அப்புறம்தான் கேட்டார்.

அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கோபக்காரிக்கு எளிதில் யாரையும் பிடிக்காது. இவரைப் பிடித்தது.

போன வருசத்துக்கு முந்தின வருசம் மாசியில், எங்கள் கொல்லையில் பாதிக்கு எங்கள் சொந்தக் குச்சியையும் மீதிப் பாதிக்குச் சம்மந்தி கொடுத்த குச்சியையும் நட்டோம். கிணற்றுத் தண்ணீர் இருந்ததால் உடனே நட முடிந்தது. மலையில் மானாவாரிதான். அவர் தன் குச்சிகளைப் பலா மரத்தடியில் நிறுத்தி வைத்திருந்து, கோடை மழை விழுந்த பிறகு நடுவார்.

சித்திரையில் செடி முழங்கால் உயரம் வந்தது. களை எடுக்கப் போனவள் ஒரு செடியைப் பார்த்து நின்றேன். இலையில் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. மனுசன் முதுகில் தேமல் படர்ந்த மாதிரி. இலையின் ஒரு பக்கம் விரிந்தும் மறுபக்கம் சுருங்கியும், கை முடங்கினவன் விரலை நீட்ட முயற்சி செய்கிற மாதிரி இருந்தது. அப்படியே வரிசையோடு போனேன். அங்கொன்று இங்கொன்றாக நிறைய இருந்தன.

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் என்றார். அவர் எதற்கும் வெயில் என்பார். மாட்டுக்குக் கழிச்சலா, வெயில். மோட்டார் எரிந்ததா, வெயில். நான் ஒரு இலையைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சி போனேன். அங்கே ஒரு மருந்துக்கடையில் காட்டினேன். கடைக்காரன் இலையைத் தொடக்கூட இல்லை. தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, சத்துக் குறைவு, நுண்ணூட்டம் அடித்தால் பச்சை திரும்பும் என்று ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்தான். பூச்சிக்கும் சேர்த்து அடித்துவிடுங்கள் என்று ஒரு பாட்டிலும் வைத்தான். எந்தப் பூச்சி என்று கேட்டேன். எல்லாப் பூச்சிக்கும்தான் என்றான். எல்லாப் பூச்சிக்கும் ஒரே மருந்து என்று சொல்கிறவனை அங்கேயே நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அடித்தோம். பச்சை திரும்பவில்லை. புதிதாக வந்த கொழுந்தும் தேமலோடேயே வந்தது.

ஆனியில்தான் வேளாண்மை ஆபீசிலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்தது. பக்கத்து ஊரில் மக்காச்சோளத்துக்குப் புழு விழுந்ததைப் பார்க்க வந்த பெண்ணை நான்தான் வழி மறித்து இழுத்து வந்தேன். சின்ன வயசு. வெயிலில் முகம் சிவந்துபோயிருந்தது. ஆனால் கொல்லைக்குள் இறங்கிக் குனிந்து, இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தது. செடியை லேசாகத் தட்டியது. மாவு பறந்த மாதிரி குட்டிக் குட்டியாய் வெள்ளை ஈக்கள் எழும்பி மறுபடி உட்கார்ந்தன. பிறகு ஒட்டி ஒட்டி நின்ற இரண்டு செடிகளைக் காட்டியது. ஒன்று பச்சை, ஒன்று தேமல்.

"ஒரே மண்ணு, ஒரே தண்ணி. சத்துக் குறைன்னா ரெண்டுக்கும்தானம்மா இருக்கணும்?" என்றது.

எனக்குப் பளிச்சென்று இருந்தது. இதைத் தெரிந்துகொள்ள எந்தப் படிப்பும் வேண்டாம். கண் போதும். ஆனாலும் ஒருத்தர் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது.

இது தேமல் நோய், மருந்து கிடையாது என்று அந்தப் பெண் சொன்னது. நோவுள்ள செடியைச் சின்னதிலேயே பிடுங்கி எரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளை ஈ அதிலிருந்து குடித்து நல்ல செடிக்கும் கொண்டு போய் வைக்கும். ஆனால் முக்கியமாக வருவது குச்சியில். இலை இருக்கும்போதே நல்ல செடியைப் பார்த்து அடையாளம் வைத்து, அதிலிருந்துதான் குச்சி எடுக்க வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, குச்சி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டது.

நான் கொல்லையைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் சொந்தக் குச்சி நட்ட பாதியில் தேமல் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. சம்மந்தி குச்சி நட்ட பாதியில் தேடவே வேண்டியதில்லை.

வாங்கவில்லை, கொடுத்தார்கள் என்று சொன்னேன்.

அன்றைக்கே பிடுங்க ஆரம்பித்தேன். பிடுங்கப் பிடுங்கக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். மருந்துக்கடைக்காரன் மேல், அந்த ஈ மேல், வெயில் வெயில் என்று சொன்ன மனுசன் மேல். சம்மந்தி மேல் கோபப்பட முயற்சி செய்தேன். வரவில்லை. அதற்குப் பதில் பயம் வந்தது. மலையில் அவர் இதே குச்சியைத்தான் கோடை மழைக்குத் தன் கொல்லையில் நட்டிருப்பார். இதே குச்சியைத்தான் ஊருக்கெல்லாம் கொடுத்திருப்பார். வருகிற மாசியிலும் கொடுப்பார்.

அவரிடம் எப்படிச் சொல்வது? என் வீட்டுக்காரர் சொல்லவே வேண்டாம் என்றார். பெண்ணைக் கொடுத்த இடத்தில் போய், நீங்கள் கொடுத்தது நோவு என்றா சொல்வாய் என்று கேட்டார். மகளுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"ம்மா, உன் வாய் எனக்குத் தெரியும். நீ வராத. அத்தைக்கு அந்தக் குச்சிதான் எல்லாமே. அதுல நோவுன்னா அத்த மனசொடிஞ்சி செத்துடும்."

நான் போனை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

சொல்லாமல் கொள்ளாமல் போனதால் மகள் முகம் வெளிறிவிட்டது. சம்மந்திக்கு அதெல்லாம் இல்லை. சாப்பிடாமல் எதுவும் பேசக் கூடாது என்று உட்கார வைத்துவிட்டார். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். நான் சாப்பிடும் வரை எதிரில் உட்கார்ந்துகொண்டு, பேரன் நெருப்பில் கை வைக்கப் போனது, ஆடு தொலைந்தது என்று என்னென்னவோ சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல குழம்பு. அதை அனுபவித்துச் சாப்பிட முடியாமல் போனதற்கும் அந்த நோவு மேல்தான் எனக்குக் கோபம்.

கை கழுவியதும், கொல்லையைப் பார்க்க வேண்டும் என்றேன். மகள் பின்னால் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

எங்களுக்குப் பிறகு நட்டதால் அங்கே செடி இப்போதுதான் முழங்கால் உயரம். மழை நன்றாகப் பெய்திருந்தது. தூரத்திலிருந்து பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. கிட்டே போனதும்தான் தேமல் தெரிந்தது. என் கொல்லையை விட மோசம்.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. இது தேமல் நோய், உங்கள் குச்சியிலிருந்து வருகிறது, எனக்குக் கொடுத்ததிலும் இதுதான் இருந்தது, இதையெல்லாம் பிடுங்கிப் போடுங்கள் என்று நேராகச் சொல்லிவிட்டேன்.

அவர் முகம் மாறியதை நான் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"என் குச்சியிலயா?" என்றார்.

பிறகு காரணங்கள் வந்தன. மழை ஜாஸ்தி. நட்ட நாள் சரியில்லை. மலையில் இலை எப்போதும் கொஞ்சம் வெளுப்புத்தான். போன வருசமும் இப்படித்தான் இருந்தது, கிழங்கு வரவில்லையா? வந்தது, ஆனால் கொஞ்சம் சிறுத்துவிட்டது, அது எரு கம்மியானதால். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன். என் சத்தம் எனக்கே தெரியாது. பக்கத்துக் கொல்லையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா நின்று வேடிக்கை பார்த்தார். மகள் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"உங்க வாயில தேமலே வராதா சம்மந்தி?" என்று கேட்டார் அவர். சிரிக்காமல் கேட்டார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே கடுமையான வார்த்தை அதுதான்.

நான் வாயை மூடினேன். அந்த ஆபீஸ் பெண் எனக்குக் காட்டின மாதிரியே, ஒட்டி நின்ற இரண்டு செடிகளின் நடுவே போய் உட்கார்ந்தேன். ஒன்றில் ஒரு கை, மற்றதில் ஒரு கை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது பெரிய வேலை.

அவர் நின்றார். வேறு பக்கம் பார்த்தார். பிறகு மெல்ல வந்து எதிரில் குந்தினார். இந்தச் செடியின் இலையைத் தடவினார், அந்தச் செடியின் இலையைத் தடவினார். மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். இரண்டும் ஒரே மண். எழுந்து அடுத்த வரிசைக்குப் போய் அங்கேயும் குந்தினார். அப்படியே மேட்டிலிருந்து பள்ளம் வரை ஒவ்வொரு வரிசையாகப் போனார். நான் எழுந்திருக்கவில்லை. மகள் என் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். இப்போது இன்னாத்துக்கு அழுகிறாய் என்று அதட்டினேன்.

திரும்பி வந்த சம்மந்தி கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. தன் கொல்லையைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்திருந்தேன்.

"அப்ப நான் குடுத்தவங்க கொல்லையிலெல்லாம் இதான் இருந்துகினு இருக்குமா?"

இருக்கும் என்றேன்.

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கால்மாட்டில் இருந்த தேமல் செடியை அடியோடு பிடித்து இழுத்தார். வேரில் விரல் நீளத்துக்கு வெள்ளைக் கிழங்கு பிடித்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். நான் அடுத்ததை இழுத்தேன். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் இறங்கினாள். பொழுது சாயும் வரை பிடுங்கினோம். பிடுங்கியதைக் கொல்லையிலேயே போட விடவில்லை நான். பாறை மேல் குவித்துக் காய வைத்து எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈ அதிலிருந்தும் கிளம்பும் என்றேன். சரி என்று தலையை ஆட்டினார். மூன்று பேரும் சேர்ந்து சுமந்து போட்டோம். கொல்லை பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் அவரே முன்னால் நடந்தார். குச்சி கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போனோம். நான் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒவ்வொரு வீட்டிலும் அவரே சொன்னார், தன் குச்சியில் நோவு இருந்தது, கொல்லைக்கு வாருங்கள், எதைப் பிடுங்க வேண்டும் என்று காட்டுகிறேன் என்று. ஒருத்தர் கூடக் கோபப்படவில்லை. அது எனக்குத்தான் ஆச்சரியம். ஒரு வீட்டில் மட்டும், அந்த வீட்டு மருமகள், அப்ப வர்ற வருசம் நாங்க எங்க போறது என்று கேட்டாள். சம்மந்தி விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டார்.

நான் இறங்கும்போது, வெள்ளை ஈயைப் பிடிக்க ஒரு வழி சொல்லிவிட்டு வந்தேன். மஞ்சள் கலர் எண்ணெய் டின்னை வெட்டி விரித்து, விளக்கெண்ணெய் தடவி, செடி உயரத்துக்குக் குச்சியில் கட்டி வைத்தால் ஈ வந்து ஒட்டிக்கொள்ளும். மஞ்சளைக் கண்டால் அது விடாது. சம்மந்திக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. ஊரில் இருந்த மஞ்சள் டின்னெல்லாம் அவர் கொல்லைக்கு வந்துவிட்டது என்று மகள் பிறகு போனில் சொன்னாள். காலையில் எழுந்ததும் ஒவ்வொரு டின்னாகப் போய் எத்தனை ஈ ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பாராம். ஜாஸ்தி ஒட்டியிருந்தால் ஈயைத் திட்டுவாராம். "உன்ன மாதிரியே பேசுது ம்மா" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதைச் சொல்லவில்லை.

ஆனால் வேறு சேதிகளும் வந்தன. வழக்கமாகப் புரட்டாசி, ஐப்பசியிலேயே ஆட்கள் வந்து, மாசிக்கு எனக்கு ஒரு கட்டு என்று சொல்லி வைப்பார்கள். அந்த வருசமும் வந்தார்கள். நோவு போய்விட்டதே, மீதி நிற்கிற செடியில் கொடுங்கள் என்றார்கள். சம்மந்தி, இந்த வருசம் தன் கொல்லையில் குச்சி இல்லை என்று சொல்லி அனுப்பினாராம். சொல்லிவிட்டுக் கதவை மூடிக்கொண்டு படுத்துவிடுவாராம். அவர் வாசலிலிருந்து வெறுங்கையோடு ஆள் திரும்பிப் போனதை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. எப்போதும் பேசிக்கொண்டே இருப்பவர் சாப்பாட்டு நேரத்தில் கூடப் பேசுவதில்லை என்றாள் மகள். நீ சொன்னது சரிதான், ஆனால் வீடு வீடாகவே இல்லை ம்மா என்றாள்.

எனக்கு ராத்திரி தூக்கம் வராமல் இருந்ததா என்றால், இல்லை. நான் படுத்தால் தூங்கிவிடுவேன். ஆனால் பகலெல்லாம் என் கொல்லையில் திரிந்தேன். ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தேன். எனக்காக மட்டும் பார்க்கவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் மழை விட்டிருந்தது. வாசலில் சம்மந்தி நின்றுகொண்டிருந்தார். பழைய புடவையைக் கிழித்து நாடா நாடாவாகச் சுருட்டி இடுப்பில் செருகியிருந்தார். காப்பி வேண்டாம், முதலில் கொல்லை என்றார்.

"இல இருக்கறப்பவே பாக்கணும் இல்ல? அதான் வந்துட்டேன். நான் இல்லன்னு அனுப்புனவங்களுக்கு உங்க கொல்லையில குச்சி வேணும் சம்மந்தி."

கேட்டுவிட்டார். அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் அதற்குள் கொல்லைக்குள் இறங்கிவிட்டார்.

அவர் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டும். எத்தனையோ பேர் பெண் பார்க்க வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தரும் பெண்ணை இப்படிப் பார்த்ததில்லை. கொழுந்தைப் பார்த்தார், நடு இலையைப் பார்த்தார், அடி இலையைத் திருப்பி வெளிச்சத்துக்குக் காட்டினார். தட்டிப் பார்த்தார். சரியென்று பட்டால் தண்டில் ஒரு நாடாவைக் கட்டினார். சந்தேகமென்றால் அடுத்ததற்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். நான் நல்லது என்று நினைத்திருந்த செடிகளில் பலதை அவர் கட்டாமல் விட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன்.

கடைசியில் வரப்போரத்து வரிசைகளுக்கு வந்தோம். என் கொல்லையிலேயே அவைதான் ராசா. வாய்க்கால் தண்ணீர் நேராகப் போகிற இடம். தண்டு ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி. இலையில் ஒரு புள்ளி கிடையாது. அவருக்கென்றே அதை மனசில் வைத்திருந்தேன். அவர் இலையைப் பார்க்கவே இல்லை. வரப்பு மேல் ஏறி நின்று அந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பக்கத்துக்காரரின் மரவள்ளி. பாதிக்கு மேல் தேமல். அந்த மனுசனுக்கும் எங்களுக்கும் வரப்புத் தகராறில் பேச்சு வார்த்தை கிடையாது. எக்கேடோ கெடட்டும் என்று விட்டிருந்தோம்.

சம்மந்தி கீழே இறங்கி, இந்த வரிசை எதுவும் வேண்டாம் என்றார்.

எனக்கு வந்ததே கோபம். குச்சி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்வதா? அதுவும் என் கொல்லையில், என் முகத்துக்கு நேராக, என் ராசாவைப் பார்த்தா? இலையில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம் என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் மோட்டார் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளேயே இருந்துகொண்டார்.

அவர் என் தோளில் கை வைத்தார்.

"கோவிச்சிக்காதீங்க. ஈக்கு வரப்பு தெரியுமா? இன்னிக்கி இலையில இல்ல, அப்பால வரும். நான் வேற ஒருத்தவங்களுக்கு இத குடுக்கப் போறேன். உங்க மூஞ்சிக்காக வாங்கிக்கினு போயி அவங்க கொல்லையில நோவ வெக்க முடியாது."

நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். இரண்டு அடி நடந்தேன். திரும்பி வந்து, மீதி நாடாவைக் கொடுங்கள், அந்தக் கோடியில் நான் கட்டுகிறேன் என்றேன். கொடுத்தார். ஆனால் நான் கட்டியதை எல்லாம் பின்னாலேயே வந்து இன்னொரு தடவை பார்த்தார்.

பக்கத்துக்காரரிடம் அன்று சாயங்காலம் பேசியதும் அவர்தான். தோட்டத்தில் நின்ற மனுசனை வரப்பிலிருந்தே கூப்பிட்டு, தம்பி, உங்கள் செடிக்கு நோவு, வாருங்கள் காட்டுகிறேன் என்றார். அந்த மனுசன் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். வந்தார். அந்த வெள்ளாமைக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது, கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள், தண்டை எரித்துவிடுங்கள், யாருக்கும் குச்சி கொடுக்காதீர்கள் என்று சம்மந்தி சொல்ல, அந்த மனுசன் சரியென்று தலையாட்டினார்.

மாசியில் சம்மந்தி மகளோடு வந்தார். இலையெல்லாம் உதிர்ந்து கொல்லை மொட்டையாக இருந்தது. நாடா கட்டிய செடிகளை முதலில் வெட்டித் தனியாகக் குவித்தோம். வரப்போரத்துத் தண்டுகளை நானே வெட்டி எரித்தேன். எரியும்போது வயிறும் எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

சம்மந்தி ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகக் கட்டினார். இது இன்னார் வீட்டுக்கு, இது இன்னார் மருமகளுக்கு என்று சொல்லிச் சொல்லிக் கட்டினார். வர்ற வருசம் எங்கே போவது என்று கேட்டாளே, அவளுக்குப் பெரிய கட்டு. எல்லாம் கட்டி முடித்த பிறகு குவியலில் கொஞ்சம் மீதி இருந்தது. அதையும் கட்ட ஆரம்பித்தார். அது யாருக்கு என்று கேட்டேன்.

அவர் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எனக்குத்தான்" என்றார். "என்னுதுல கொஞ்சந்தான் தேறிச்சி."

கட்டை நான் தூக்கினேன். அவர் எழுந்து, இரண்டு கையையும் நீட்டினார். எப்படிப் பிடிப்பது என்று தெரியாதவர் மாதிரி நீட்டினார். கொடுத்தேன். கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்தார். மகள் பிடித்துக்கொண்டாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நடங்கள் என்று இரண்டு பேரையும் விரட்டினேன்.